அக்காவின் ஓவனைத் துடைத்த பிறகு

பெரிய புள்ள என்று நம் அம்மா கடைசி வரை கூப்பிட்ட என் அக்காவுக்கு,

நீ போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. உன்னிடம் சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே இருக்கின்றன. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பாதியில் அழுகை வந்துவிடுகிறது. அழுதால் ஊர் என்னைப் பாவம் என்கிறது. எனக்குப் பாவப்பட்டவளாக இருக்க விருப்பமில்லை, அக்கா. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் மகள் யாழினி இப்போது நம் மலையில்தான் இருக்கிறாள். உன் காரியம் முடிந்த மறு வாரமே மாமா அவளைப் போளூர் பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவள் மடியில் பள்ளிக்கூடப் பை. அவர் தோளில் கோணியில் கட்டிய ஒரு பெட்டி. ஜமுனாமரத்தூரில் இறங்கி, அங்கிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து வந்திருந்தார்கள். வாசலில் முதலில் பெட்டியை இறக்கி வைத்தார். அதன் பக்கத்தில் அவளை நிற்க வைத்தார்.

"எங்கம்மாவுக்கு, அதான் இவ ஆயாவுக்கு, முடியல, சாந்தி. நான் கடைக்குப் போய்ட்டா வயசுப் பொண்ண பாத்துக்க ஆளில்ல. இங்கயே ஒம்பதாவது சேத்துடு. நான் வந்து வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார்.

"பெட்டியில இன்னா மாமா?"

"உங்க அக்கா ஓவன். எங்க வூட்ல யாரும் அத தொடறதில்ல. ஒரே நாத்தம் வேற. தொடச்சிட்டு நீ வச்சிக்கோ."

டீ கூடக் குடிக்காமல் அதே ஆட்டோவில் திரும்பிவிட்டார். அவர்களுக்கு வேண்டாதது இரண்டு இருந்தது. இரண்டையும் ஒரே நாளில் மலைக்கு ஏற்றிவிட்டார்கள்.

ஓவன் என்று அவர் சொன்னதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, அதைப் பற்றி நான் அடித்துக்கொண்ட பெருமைதான். ஆபரேஷன் முடிந்து நீ வேலூரிலிருந்து வீட்டுக்கு வந்த வாரம் என்னிடம் போனில் சொன்னாயே. "எனக்குன்னு தனியா ரூம் குடுத்துட்டாங்கடி. உங்க மாமா ஒரு ஓவன் கொண்டாந்து வச்சிருக்காரு. சமையல்கட்டு பக்கமே போறதில்ல. சூடு பண்ணனும்னா ஒரு பட்டன். ராணி மாதிரி கீறேன்" என்றாய்.

அதை நான் ஊர் முழுக்கச் சொன்னேன். வாரச் சந்தையில் சொன்னேன், நான் டீச்சராக இருக்கும் அங்கன்வாடிக்குப் பிள்ளைகளை விட வந்த தாய்மார்களிடம் சொன்னேன். எங்க அக்கா புருஷன் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர், கரண்டு சாமான் எதுவானாலும் அவருக்கு அத்துப்படி, பொண்டாட்டி அடுப்புச் சூட்டில் நிற்கக் கூடாது என்று ஓவன் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று. மலையிலிருந்து கட்டிக்கொண்டு போன பெண்ணை இப்படித் தாங்குகிற வீடு உண்டா என்று. கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். அந்த ஓவனை வீட்டைக் காலி செய்துபோன யாரோ அவர் கடையில் போட்டுவிட்டுப் போனார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

சமையல்கட்டுப் பக்கம் போறதில்ல என்று நீ சொன்னதை, நீயாகப் போகவில்லை என்றுதான் நான் எடுத்துக்கொண்டேன். உன் குணம் எனக்குத் தெரியாதா? கல்யாணமான புதிதில் உன் மாமியார் உன்னை மலைக்காரி மலைக்காரி என்று கூப்பிட்டதை, எனக்கு அங்க பட்டப்பேரு வச்சிருக்காங்க என்று சிரித்துக்கொண்டே சொன்னவள் நீ. கெட்டதை நல்லதைப் போலச் சொல்வாய். அது தெரிந்தும் எப்படி அக்கா எனக்குக் கேட்காமல் போனது?

கோணியைப் பிரித்துக் கதவைத் திறந்தேன். அந்த நாற்றத்தை எப்படிச் சொல்ல. கருகின கஞ்சி, அழுகின முட்டை, அதற்கு மேல் எவரோ அடித்துவிட்ட சென்ட். நாற்றம் வெளியே வராமல் இருக்க செல்லோடேப் போட்டுக் கதவை ஒட்டியிருந்தார்கள். யாழினி மூக்கைப் பொத்தவில்லை. எழுந்து வெளியே போய், புளியமரத்துப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாளித் தண்ணீரும் துணி சோப்பும் கம்பி நாரும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு ராஜி வந்தாள். அவளை உனக்குத் தெரியும். பெங்களூரில் ஐந்து வருடம் அபார்ட்மென்ட் வீடுகளில் வேலை செய்துவிட்டு, இடுப்பு போய்த் திரும்பி வந்தவள்.

"டீச்சரே, கம்பி நார கீழ போடு. அதுல தேச்சா உள்ள பெயின்ட்டு பூரா வந்துடும், அப்பால நெருப்புப் பொறி பறக்கும். தண்ணி ஊத்தாத. அது பாத்திரமில்ல, கரண்டு சாமான்" என்றாள்.

"வேற எப்பிடி தொடைக்கறது?"

"எலுமிச்சம்பழம் வச்சிருக்கியா?"

அவள் சொல்லச் சொல்ல நான் செய்தேன். உள்ளே சுற்றுகிற கண்ணாடித் தட்டையும், அதன் கீழே இருக்கும் சக்கர வளையத்தையும் வெளியே எடுத்து, வெந்நீரில் பாத்திர சோப்பு கலந்து ஊறப் போட்டேன். ஒரு பீங்கான் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, இரண்டு எலுமிச்சம்பழத்தை அறுத்துப் பிழிந்து, தோலையும் அதிலேயே போட்டேன். சில்வர் பாத்திரம் உள்ளே போகவே கூடாதாம். கரண்டு குறைவாக வருகிற ஊர் இது. பகலிலேயே அது உறுமிக்கொண்டுதான் ஓடியது. மூன்று நிமிடத்தில் கொதிக்க வேண்டிய தண்ணீர் எட்டு நிமிடம் எடுத்தது.

நின்றதும் திறக்கப் போனேன். ராஜி கையைப் பிடித்துக்கொண்டாள். "இரு. உள்ள இருக்கற ஆவிதான் நமக்கு வேலை செய்யிது. அஞ்சு நிமிஷம் சும்மா கெட. பெங்களூர்ல ஒரு வூட்டம்மா வாரத்துக்கு ஒருக்கா என்னை இத பண்ணச் சொல்லும். ஆனா அதுல சூடு பண்ணி எனக்கு ஒரு டம்ளர் தண்ணி குடுத்ததில்ல."

கதவைத் திறந்து, பழைய பனியன் துணியால் துடைத்தோம். அடித்தளமும் இடது பக்கச் சுவரும் ஒரு துடைப்பில் வெள்ளையாக வந்துவிட்டன. அங்கே அதிகம் அழுக்கே இல்லை. வலது பக்கச் சுவரில் மேல் பாதியும் கூரையும்தான் துணிக்கு அசையவில்லை. மஞ்சளும் பழுப்புமாய்ச் சின்னச் சின்னக் கட்டிகள், சுண்ணாம்பு அடித்தது போல ஒட்டியிருந்தன.

"யாரோ பாதி தொடச்சிட்டு பாதிய வுட்டுருக்காங்க. மேல பாரு, கைய வச்சதே இல்ல" என்றாள் ராஜி.

எனக்கு உன் மேல் கோபம் வந்தது, அக்கா. நம் வீட்டில் நீ மெழுகிய இடத்தில் ஒரு விரல்கடை விட்டுப்போனதாக யாரும் சொன்னதில்லை. நோய் வந்தால் இப்படியா என்று நினைத்தேன். நினைத்தது மட்டுமில்லை, வாய்விட்டும் சொன்னேன். "இவளுக்கு எப்பல இருந்து இந்த சோம்பேறித்தனம்?" என்றேன்.

புளியமரத்துப் பக்கம் உட்கார்ந்திருந்த உன் மகள் எழுந்து வந்து வாசற்படியில் நின்றாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அதுதான்.

"சோம்பேறித்தனம் இல்ல சித்தி. அது முட்டை. டாக்டர் தெனம் ரெண்டு முட்டை சாப்புடச் சொன்னாரு. ஆயா அவிச்சிக் குடுக்க மாட்டேன்னுடிச்சி, முட்டை வாசம் புடிக்கலன்னு. அம்மா அதுல வச்சி அவிச்சாங்க. வெடிச்சிடுச்சி. பெரிய சத்தம். ஆயா வெளிய நின்னு திட்டிச்சி. அம்மா தொடச்சாங்க. வலது கைதான் தூக்கவே வராதே. ஓவன் ஒசரமா பலகை மேல இருந்துச்சி, இடது கைக்கு எட்டுன வரைக்கும் தொடச்சாங்க."

ராஜி துணியைக் கீழே வைத்தாள். நான்தான் கேட்டேன். "நீ ஒரு கை தொடச்சிக் குடுத்திருக்கலாமே, யாழினி?"

"உள்ள போவக் கூடாது. ரூம் கதவு வரைக்கும்தான். தட்ட வாசப்படியில வச்சிட்டு வந்துடணும். நான் போறேன்னுதான் சொன்னேன். அம்மாதான் வேணாம், ஆயா உன்னையும் தலைக்குக் குளிக்கச் சொல்லும்னாங்க."

அப்போதுதான் எனக்கு எல்லாம் புரிந்தது. தனி அறை, தனித் தட்டு, தனி டம்ளர், தனி ஓவன். நீ அடுப்புச் சூட்டில் நிற்கக் கூடாது என்பதற்காக வந்ததில்லை அது. நீ தொட்டது அவர்கள் அடுப்பில் ஏறக் கூடாது என்பதற்காக வந்தது. ஆறிப்போனதை வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார்கள். நீ எடுத்துச் சூடு பண்ணிக்கொள்வாய். மார்பை எடுத்த பக்கத்துக் கை தோளுக்கு மேல் எழும்பாது. ஆபரேஷனுக்குப் பிறகு நீ இருந்த ஏழு மாதமும் அந்த ஓவனின் கூரை உன் கைக்கு எட்டவில்லை. அந்த வீட்டில் எட்டுகிற கைகள் எத்தனையோ இருந்தன.

சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்து அந்தக் கட்டிகளின் மேல் அப்பினேன். அரை மணி நேரம் ஊற வைத்துவிட்டு, பழைய கிரெடிட் கார்டு மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டையால் மெல்ல நெம்பினேன். வலது சுவரில் அட்டை போல ஒரு தகடு இருக்கிறதே, அதைக் கீறாதே என்று ராஜி இரண்டு தரம் சொன்னாள். அதன் பின்னாலிருந்துதான் சூடு வருகிறதாம். முட்டை உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. கதவு விளிம்பின் இடுக்கில் இருந்ததைப் பழைய டூத் பிரஷ்ஷால் எடுத்தேன். சக்கர வளையம் ஓடுகிற பள்ளத்தில் சாமைக் கஞ்சி பொங்கி வழிந்து கருகி, தார் போல உறைந்திருந்தது. அது நான் அனுப்பிய சாமை. மாதம் ஒரு பை, போளூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவேன். பை வந்து சேர்ந்ததா என்று போன் பண்ணுவேன். இரண்டு மணி நேரப் பயணம், அக்கா. சாமையை ஏற்றிவிட்ட பஸ்ஸில் எனக்கு உட்கார இடமில்லாமல் போகவில்லை.

அழுக்கு ஒரு நாளில் போய்விட்டது. நாற்றம் போகவில்லை. மறுநாள் கதவைத் திறந்தால் அதே அழுகல். ராஜி ஒரு கிண்ணம் நிறையச் சோடா மாவை உள்ளே வைத்து மூடச் சொன்னாள். இரண்டு நாள் வைத்தேன். கொஞ்சம் குறைந்தது. பிறகு காபித்தூள் வைத்தேன். காபியும் முட்டையும் சேர்ந்து இன்னும் மோசமாக நாறியது. கடைசியில் நம் அடுப்புக் கரியைத்தான் உடைத்து, ஒரு தட்டில் பரப்பி உள்ளே வைத்தேன். தினமும் பழைய கரியை எடுத்துவிட்டுப் புதிது வைத்தேன். பகலெல்லாம் கதவைத் திறந்தே போட்டேன். ஆறாம் நாள் தலையை உள்ளே விட்டு முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை. கடையில் இருக்கும் புதுச் சாமான் போல ஒன்றுமே இல்லை.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதே. எலுமிச்சம்பழமும் சோடாவும் கரியும் போதுமாயிருந்த ஒரு வேலையை ஏழு மாதத்தில் ஒருத்தர் உனக்குச் செய்யவில்லையே என்றுதான் வயிறு எரிந்தது. அந்த எரிச்சலை யார் மேலாவது கொட்ட வேண்டும் என்று காத்திருந்தேன். ஆள் தானாக வந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். யாழினிக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட்டும், புதுச் செருப்பும் வாங்கி வந்திருந்தார். செருப்பு ஒரு சைஸ் சின்னது. அவள் அப்படியே வாங்கி வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணி இருக்கும். காலையில் வைத்த கோழிக் குழம்பு இருந்தது. நான் வேண்டுமென்றேதான் செய்தேன். அடுப்பைப் பற்ற வைக்கவில்லை. குழம்பைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, அவர் கண் முன்னால் ஓவனில் வைத்துச் சூடு பண்ணி, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். ஓவனைப் பார்த்தார்.

"நல்லா சுத்தமா ஆய்டுச்சே" என்றார்.

"சாப்புடுங்க மாமா."

"வர்ற வழியில டிபன் சாப்ட்டேன் சாந்தி. பசியில்ல."

"ஒரு வாய் சாப்புடுங்க. கரி வச்சி, சோடா வச்சி, ஆறு நாள் தொடச்சிருக்கேன். இப்பவும் உங்களுக்குப் பயமா?"

அவர் தட்டை ஒரு விரலால் தள்ளி வைத்தார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் வாயில் வந்ததையெல்லாம் பேசினேன். கட்டின பொண்டாட்டிக்கு வாசற்படியில் சோறு வைத்தீர்களே, நாய்க்குக் கூடத் தட்டைப் பக்கத்தில் வைப்பார்களே என்றேன். ஒரு முட்டை அவித்துக் கொடுக்க அந்த வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டதா என்றேன். புற்றுநோய் ஒட்டுமா, எந்தப் படிக்காத ஊரில் இருக்கிறீர்கள் என்றேன். யாழினி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கேட்கட்டும் என்றுதான் பேசினேன்.

அவர் தலையைக் குனிந்தபடி எல்லாவற்றையும் கேட்டார். கோபமே இல்லாமல், கடையில் வேலை சொல்கிற குரலில் பேசினார்.

"நான் பண்ணது தப்புதான். எங்கம்மா பேச்சக் கேட்டேன். நீ இன்னா பண்ண சாந்தி? ஒரு வாட்டி வந்தியே, ஞாபகம் கீதா? அவ பால் சூடு பண்ணி, சக்கரை போட்டு, ஒத்தக் கையால டம்ளர நீட்டுனா. நீ குடிச்சியா?"

நான் கிண்ணத்தை எடுத்து நகர்த்தி வைத்தேன்.

"வெள்ளிக்கெழம விரதம்னு சொன்ன. நீ போனப்பறம் அத பின்பக்கக் கொழாயடியில ஊத்திட்டு, டம்ளர ரெண்டு தரம் கழுவுனா. நான் ஜன்னல் பக்கமாத்தான் நின்னுட்டிருந்தேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ரோட்டில் நிற்கிறேன் என்று போய்விட்டார்.

அக்கா, இதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வந்தேன். அன்று உன் வீட்டுக்குள் நுழையும்போது உன் மாமியார் என்னை வாசலிலேயே நிறுத்தி, காதருகே வந்து, "அவ பாத்திரத்துல எதையும் வாயில வைக்காத மா. நீயும் நாலு புள்ளைங்கள தூக்கறவ" என்றாள். ஒரே ஒரு வாக்கியம். அதற்கு முன் பயிற்சியில் எனக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார்கள். புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, கூடச் சாப்பிட்டால் ஒட்டாது என்கிற போஸ்டர் என் அங்கன்வாடிச் சுவரிலேயே இருக்கிறது. மாதம் ஒருமுறை தாய்மார்களை உட்கார வைத்து நானே அதை வாசித்துக் காட்டுகிறேன். அதெல்லாம் அந்த வாசலைத் தாண்டி என்னோடு உள்ளே வரவில்லை. ஓவனைத் துடைத்த அன்றுதான் எல்லாம் புரிந்தது என்று மேலே எழுதியதும் பாதிப் பொய்தான்.

நீ டம்ளரை நீட்டியபோது அதன் விளிம்பைப் பார்த்தேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. விரதம் என்றேன். எந்த வெள்ளிக்கிழமை நான் விரதம் இருந்தேன்? சின்ன வயதில் பசி தாங்காமல் உன் பங்குக் களியையும் பிடுங்கித் தின்றவள் நான். உனக்குத் தெரியாதா? தெரிந்துதானே "சரி, வச்சிட்டுப் போ" என்றாய்? ஒரு சொல் திட்டியிருக்கக் கூடாதா? அதற்குப் பிறகும் மாதா மாதம் என்னோடு சிரித்துத்தானே பேசினாய். சாமை வந்துடிச்சிடி, ருசியாகீது என்றுதானே சொன்னாய்.

அதனால்தான் ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு தரத்துக்கு மேல் நான் வரவில்லை. அங்கன்வாடியில் லீவு இல்லை என்று சொன்னதெல்லாம் பொய். மறுபடி நீ எதையாவது சூடு பண்ணி நீட்டுவாயோ என்ற பயம்தான். கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் உன்னைப் பார்த்தேன். அங்கே நீ யாருக்கும் எதையும் நீட்டுகிற நிலையில் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

மாமா போன பிறகு யாழினி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள், தன் தட்டைத் தானே கழுவி வைத்தாள். மூன்றாம் நாள் சாயந்திரம், நான் அங்கன்வாடி ரிஜிஸ்டர் எழுதிக்கொண்டிருந்தபோது வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"நீ ஏன் சித்தி குடிக்கல?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். அதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

"பயம்" என்றேன்.

"அப்பாவும் அதான் சொன்னாரு" என்றாள். என் ரிஜிஸ்டரை மூடிவிட்டு, "அம்மாவுந்தான் பயந்தாங்க. கதவுக்கு அந்தப் பக்கம் உக்காந்து என்கிட்ட சொல்வாங்க. நான் இந்தப் பக்கம் உக்காந்து கேப்பேன். நீங்க யாரும் கேக்கல" என்றாள்.

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் பிடிக்க விடவில்லை. முரட்டுத்தனமாக இல்லை. மெதுவாகக் கையை எடுத்துக்கொண்டாள். நீ செய்வது போலவே.

"என்னை ஹாஸ்டல்ல சேத்துடு சித்தி. எனக்கு யாரு மேலயும் கோவமில்ல. ஆனா இந்த வூட்லயும் இருக்க முடியல, அந்த வூட்லயும் இருக்க முடியல."

பள்ளியை ஒட்டிய ஹாஸ்டலில் இடம் கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது, போன வாரம் சேர்த்துவிட்டேன். படுக்கை, போர்வை, ஒரு டிரங்குப் பெட்டி. பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். திரும்பிப் பார்த்தாளா என்று கேட்பாய். பார்க்கவில்லை. இந்தச் சனிக்கிழமை பணியாரம் சுட்டுக்கொண்டு போனேன். பார்க்க வருபவர்கள் நிற்கிற மரத்தடியில் நின்றேன். வார்டன் கூப்பிட்டு அனுப்பினார். ரொம்ப நேரம் கழித்து வந்தாள். டிபன் டப்பாவை வாங்கிக்கொண்டாள். "பரிட்சை கீது, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். சாப்பிட்டாளா என்று தெரியாது. கேட்கும் உரிமை எனக்கு இன்னும் வரவில்லை.

ஓவன் இங்கேதான் இருக்கிறது. மாமா நேற்று போன் பண்ணினார். அவர் தம்பிக்குத் தையில் கல்யாணமாம். நாற்றம் போய்விட்டதால் புதுப் பெண்ணுக்கு ஆகுமே, அனுப்பிவிடுகிறாயா என்று அவர் அம்மா கேட்கச் சொன்னாளாம். தர மாட்டேன் என்றேன். அவரும் வற்புறுத்தவில்லை. போனை வைத்துவிட்டார்.

இதை உனக்கு மட்டும் எழுதி நெருப்பில் போட்டிருக்கலாம். ஆனால் உன்னிடம் மட்டும் சொன்னால், நீ "சரி, வுடுடி" என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்டுக்கொண்டு நான் தூங்கிவிடுவேன். அதனால் எல்லோரும் படிக்கட்டும் என்று பத்திரிகைக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்தவர்களும் படிப்பார்கள். அங்கன்வாடித் தாய்மார்களும் படிப்பார்கள். அடுத்த கூட்டத்தில் நான் அந்தப் போஸ்டரை வாசிக்கும்போது அவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

ஒரு வாக்கு தருகிறேன், அக்கா. சனிக்கிழமை தோறும் அந்த மரத்தடிக்குப் போவேன், அவள் வந்தாலும் வராவிட்டாலும். அன்றைக்கு என்ன நடந்தது என்று அவள் எத்தனை தரம் கேட்டாலும், இருபது வயதில் கேட்டாலும் நாற்பது வயதில் கேட்டாலும், நடந்ததையே சொல்வேன். உங்க அம்மா என்னை மன்னிச்சிட்டா என்று மட்டும் அவளிடம் ஒருநாளும் சொல்ல மாட்டேன். அதை நீ என்னிடம் சொல்லவே இல்லை.

உன் கூடப் பிறந்தவள்,
சாந்தி